ஒரு கிளிக் போன வழி

மேடவாக்கம் கூட்டு ரோட்டிலிருந்து மாம்பாக்கம் பக்கம் போகிற சாலையில் ஹார்டுவேர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கிற ஊர். பைப், பெயின்ட், ஸ்விட்ச் போர்டு மூன்றும் எந்நேரமும் விற்கும். அப்படி ஒரு கடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், தாம்பரத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில் எந்தக் கடையாகவும் இருக்கலாம். தேதி பத்து. மறுநாளுக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர அறிக்கை தாக்கல் ஆக வேண்டும். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது. கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி, பில்லிங் மென்பொருளில் 'மாத அறிக்கை' என்ற பொத்தானின் மேல் அம்புக்குறியை நிறுத்தி மவுஸை அழுத்துகிறார்.

அந்த அழுத்தலில் பிறந்த கிளிக்கின் கதை இது. அதன் ஆயுள் சில மில்லி விநாடிகளாக இருந்திருக்க வேண்டும்.

மவுஸின் இடது பொத்தானுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் வளைந்த மெல்லிய உலோகத் தகடு. விரல் அழுத்தியதும் தகடு சட்டென்று மறுபக்கம் சாய்ந்து இன்னொரு உலோக முனையைத் தொடுகிறது. காதில் விழும் 'டிக்' அதுதான். தொட்ட தகடு உடனே அடங்காது. கண்ணுக்குத் தெரியாமல் சில மில்லி விநாடிகள் துள்ளும். ஒவ்வொரு துள்ளலையும் கணக்கில் எடுத்தால் ஓர் அழுத்தல் ஐந்தாறாகிவிடும். அதனால் மவுஸுக்குள் இருக்கும் சிப் கொஞ்சம் பொறுத்திருந்து, ஒரே அழுத்தலாகக் குறித்துக்கொள்கிறது. பழைய மவுஸில் ஒரு முறை தட்டினால் இரண்டு முறை விழுகிறதென்றால், பெரும்பாலும் தகடு தேய்ந்து, துள்ளல் அந்தப் பொறுமையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

குறித்துக்கொண்ட சேதியை மவுஸ் தானாகப் போய்ச் சொல்லாது. யுஎஸ்பி முறையில் கணினி கேட்டால்தான் பதில். சாதாரண மவுஸை அது விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை, 'ஏதாவது உண்டா?' என்று கேட்கிறது. பதிலும் சில பைட்டுகள்தான்: எந்தப் பொத்தான் அழுந்தியது, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது. மாத அறிக்கை, ஜிஎஸ்டி எதுவும் அதற்குத் தெரியாது. திரையில் அம்பு எங்கே நிற்கிறது என்பதுகூடத் தெரியாது.

அது விண்டோஸின் வேலை. அம்பு நிற்கும் புள்ளியைப் பார்த்து, அந்த இடம் எந்த நிரலின் ஜன்னலுக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்து, 'இடது பொத்தான் கீழே போனது' என்று ஒரு செய்தி எழுதி, அந்த ஜன்னலைப் படைத்த த்ரெட்டின் வரிசையில் சேர்க்கிறது. நிரலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளைகளை நிறைவேற்றிக்கொண்டு போகும் ஓட்டத்துக்குத்தான் த்ரெட் என்று பெயர். விரல் எழும்போது இரண்டாவது செய்தி: 'பொத்தான் மேலே வந்தது'. திரையில் உள்ள பொத்தான் இந்த இரண்டாவது செய்திக்குத்தான் வேலை செய்யும். அழுத்திவிட்டு மனம் மாறினால், விரலை எடுக்காமல் மவுஸை வேறு பக்கம் இழுத்துப்போய் விடுங்கள், ஒன்றும் ஆகாது. முன்யோசனையுள்ள யாரோ செய்த நல்ல காரியம்.

இதுவரை எல்லாம் கண்சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இனிதான் விஷயம்.

ஜன்னல் உள்ள ஒவ்வொரு நிரலின் நடுவிலும் ஓய்வில்லாத ஒரு சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும். வரிசையின் முன்னால் இருக்கும் செய்தியை எடு, அதற்குரிய வேலையைச் செய், திரும்பி வா, அடுத்ததை எடு. எழுத்து தட்டினாலும், ஜன்னலை நகர்த்தினாலும், திரையைப் புதுப்பிக்கச் சொன்னாலும் எல்லாம் இந்த வழியாகத்தான். நம் கிளிக்கின் முறை வந்தது. அதை எடுத்த த்ரெட் மாத அறிக்கைக்கு உரிய கட்டளைகளுக்குள் நுழைந்தது. மாதம் முழுக்கப் போட்ட பில்களைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, வரி விகிதம் வாரியாகப் பிரித்து, கூட்டி, எக்செல் கோப்பாக எழுத வேண்டும். ஒரு நிமிடம் ஆகும் என்று வையுங்கள். அந்த ஒரு நிமிடமும் த்ரெட் சுழற்சிக்குத் திரும்பி வரவில்லை. வரிசையில் வந்து சேரும் எதையும் எடுக்க ஆளில்லை.

நிரல் செத்துவிடவில்லை. சொன்ன வேலையை மும்முரமாகச் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் வெளியே பார்க்கிறவருக்குச் செத்ததற்கும் உழைப்பதற்கும் வித்தியாசம் தெரியாது. அம்பு மட்டும் திரையில் தாராளமாக நகரும், ஏனென்றால் அதை நகர்த்துவது விண்டோஸ், பில்லிங் நிரல் அல்ல. அதுவே ஆளை இன்னும் குழப்பும். கம்ப்யூட்டர் நன்றாகத்தானே இருக்கிறது, இதற்கு என்ன கேடு?

"அண்ணாச்சி, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு" என்கிறான் கடைப்பையன். அவர் அதே பொத்தானை இன்னும் நாலு தட்டு தட்டுகிறார். நாலும் வீண்போவதில்லை. முதல் கிளிக்கின் தம்பிகளாக வரிசையில் போய் நிற்கின்றன. அறிக்கை முடிந்து த்ரெட் திரும்பி வந்ததும் அடுத்தடுத்து எடுக்கப்படும். அதே அறிக்கை மறுபடி, மறுபடி. 'பில் சேமி' பொத்தானில் இது நடந்தால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பில். சாயங்காலம் கல்லாக் கணக்கு இடிக்கும்போது, பையன் தப்புப் பண்ணிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றும்.

சுமார் 5 விநாடி வரை விண்டோஸ் பொறுத்துப் பார்க்கிறது. அதற்குள் அந்த த்ரெட் வரிசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் ஒரு வேடிக்கை செய்கிறது. உண்மையான ஜன்னலை மறைத்துவிட்டு, கடைசியாக அது எப்படித் தெரிந்ததோ அந்தப் படத்தை ஒட்டிய ஒரு போலி ஜன்னலை அதே இடத்தில் வைக்கிறது. தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று எழுதுகிறது. படம் வெளிறிப்போகிறது. இதை விண்டோஸ்காரர்கள் பேய் ஜன்னல் என்றே சொல்கிறார்கள். எக்ஸ்பி காலத்திலிருந்து நம்மோடு இருக்கிறது. நகர்த்தலாம், சுருக்கலாம், மூடலாம். மூடினால் உள்ளே உழைத்துக்கொண்டிருந்த நிஜ நிரலின் கதை முடிந்தது. எக்செல் கோப்பு பாதியில் நிற்கும். அதே நேரத்தில் தரவுக் கோப்பிலும் எழுதிக்கொண்டிருந்தால் அதுவும் பழுதாகலாம். அடுத்த போன் சர்வீஸ் ஆளுக்கு. அவர் அங்கிருந்து "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்பார்.

இந்த இடத்தில் என் கட்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். இப்படி வெளிறிப்போகும் வெள்ளைத்திரைக்குப் பழைய கணினியும் காரணமில்லை, அவசரப்பட்ட அண்ணாச்சியும் காரணமில்லை. காது கொடுத்துக் கேட்க வேண்டிய த்ரெட்டின் தலையில் கனமான வேலையையும் ஏற்றி வைத்த நிரலாளர்தான் காரணம்.

மனிதன் எவ்வளவு நேரம் பொறுப்பான் என்பது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1968 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில்தான் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை உலகத்துக்குக் காட்டினார். அதே மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பில் ஐபிஎம்மின் ராபர்ட் மில்லர் எழுதிய இன்னொரு கட்டுரையும் இருக்கிறது: கணினி எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி. பின்னாளில் ஜேக்கப் நீல்சன் அதை மூன்று எண்களாகச் சுருக்கிப் பரப்பினார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் நம் கையே அதைச் செய்தது போலத் தோன்றும். 1 விநாடி வரை நினைவோட்டம் அறுபடாது. 10 விநாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கிளிக்கும், அது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற கணக்கும் ஒரே மேடையில் அரங்கேறியவை. முதலாவது எல்லா மேசைக்கும் வந்து சேர்ந்தது. இரண்டாவது பாடப்புத்தகத்தில் தங்கிவிட்டது.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1 காலத்தோடு ஒப்பிட்டால் அண்ணாச்சியின் நிலைமை தேவலை. அப்போது நிரல்கள் தாமாக வழிவிட்டால்தான் அடுத்த நிரலுக்கு வாய்ப்பு. ஒன்று வழிமறித்து உட்கார்ந்தால் கணினியே உறைந்துபோகும். 1993-இல் வந்த விண்டோஸ் என்டி, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி உள்ளீட்டு வரிசை கொடுத்தது. அதன்பிறகு ஒருவர் செய்த பாவம் பக்கத்து வீட்டைத் தொடவில்லை. தன் வீட்டுக்குள் உறைந்துபோகும் உரிமையை மட்டும் எந்த விண்டோஸும் நிரல்களிடமிருந்து பறிக்கவில்லை.

விஷுவல் பேசிக் பிரபலமாக இருந்த நாட்களில் நிரலாளர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். டூஈவென்ட்ஸ் என்று ஒரு கட்டளை. நீண்ட வேலையின் நடுவில் அவ்வப்போது அதைப் போட்டால், த்ரெட் ஒரு கணம் வரிசையைப் பார்த்து, காத்திருக்கும் செய்திகளைத் தீர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பும். திரை வெளிறாது. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய கடை மென்பொருள்கள் பல ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் இந்தக் கட்டளை நிறைய இருக்கும். சிக்கல் என்னவென்றால், வரிசையில் காத்திருக்கும் செய்திகளில் அந்த நாலு தம்பிகளும் உண்டு. அறிக்கை பாதி முடிந்த நிலையில் அதே அறிக்கை புதிதாகத் தொடங்கும். முதல் அறிக்கை தொங்கலில் நிற்க, இரண்டாவது அதன் மேலேறி ஓடும். கூட்டுத்தொகை வைத்திருந்த மாறிகள் கலந்துவிடும். வெளிறாத திரையில் தப்பான எண் வருவதைவிட வெள்ளைத்திரையே மேல். நிறுத்திவிட்டுப் பார்க்கவாவது தோன்றும்.

சரியான வழி அண்ணாச்சியின் கடையிலேயே இருக்கிறது. இரண்டு இன்ச் பைப் கேட்டு ஆள் வந்தால் அவர் கல்லாவை விட்டு எழுந்து பின்னால் இருக்கும் கிடங்குக்குப் போவதில்லை. "தம்பி, ரெண்டு இன்ச் நாலு எடு" என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கிறார். நிரலும் அப்படித்தான் இருக்க வேண்டும். கிளிக்கை எடுத்த த்ரெட், அறிக்கை வேலையை இன்னொரு த்ரெட்டிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த கணமே சுழற்சிக்குத் திரும்பிவிட வேண்டும். நம் கிளிக்கின் ஆயுள் அங்கே, சில மில்லி விநாடியில், நல்லபடியாக முடிந்துவிடும்.

அப்படியானால் வேலை பார்க்கும் த்ரெட்டே திரையிலும் எழுதிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. ஜன்னல் நிரல்கள் எழுத உதவும் விண்டோஸின் டாட்நெட், ஜாவாவின் ஸ்விங், கியூட்டி எல்லாவற்றிலும் ஒரே விதி: ஜன்னலின் வரிசையைக் கவனிக்கும் திரைத் த்ரெட் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. இந்த விதி சோம்பேறித்தனத்தில் பிறந்ததில்லை. பல த்ரெட்டுகளும் திரையைத் தொடும்படி கருவிகள் செய்ய வேண்டும் என்று பலர் முயன்று தோற்றிருக்கிறார்கள். சன் நிறுவனத்தில் ஜாவாவின் முக்கியப் பொறுப்பில் இருந்த கிரஹாம் ஹாமில்டன் 2004-இல் இதைத் தோற்றுப்போன கனவு என்றே எழுதினார். அவர் சொன்ன காரணம் எளிது. கிளிக் போன்ற செய்திகள் கீழே இயங்குதளத்திலிருந்து மேலே நிரலை நோக்கி ஏறுகின்றன. 'இதை வரை' என்ற கட்டளைகள் நிரலிலிருந்து கீழே இறங்குகின்றன. இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் சந்தித்தால், ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்திருந்து இருவருமே அசைய முடியாமல் நிற்பார்கள். அந்த உறைவு ஒரு நிமிடத்தில் தீராது. நிரலையே மூடினால்தான் தீரும்.

ஆகவே வேலைத் த்ரெட் தன் சேதியை அதே வரிசை வழியாகவே திருப்பி அனுப்ப வேண்டும். 'இத்தனை பில் முடிந்தது' என்று ஒரு செய்தி; திரைத் த்ரெட் தன் முறையில் அதை எடுத்து, திரையில் உள்ள முன்னேற்றப் பட்டையைக் கொஞ்சம் நீட்டுகிறது. கிளிக் மேலே வந்த அதே பாதையில் பதிலும் வருகிறது. இதை எளிதாக்க 2005-இல் டாட்நெட் 2.0 பேக்கிரவுண்ட்வொர்க்கர் என்று ஒன்றைக் கொடுத்தது. 2006-இல் ஜாவா 6 ஸ்விங்வொர்க்கரைக் கொடுத்தது. 2012-இல் சி ஷார்ப் 5 வந்தபோது, நேர்கோட்டில் எழுதுவது போலவே எழுதி, உரிய இடங்களில் ஓரிரு சொற்களைச் சேர்த்தால் போதும் என்றாகிவிட்டது. மற்ற மொழிகளும் அந்த வழிக்கு வந்தன. 2012-க்குப் பிறகு எழுதிய மென்பொருளில் வெள்ளைத்திரை வருவதற்குச் சாக்கு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கருவி இருந்தும் கோட்டைவிடும் இடங்கள் உண்டு. ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு முன்னேற்றச் செய்தி அனுப்புவது அவற்றில் ஒன்று. வேலைத் த்ரெட் வேகமானது, வரைவது மெதுவானது. ஆயிரக்கணக்கில் செய்திகள் வந்து குவிந்தால் திரைத் த்ரெட் அவற்றைத் தீர்ப்பதிலேயே மூச்சு முட்டி, மறுபடி அதே வெள்ளைத்திரை. ஒரு வரிசையில் 10,000 செய்திகளுக்கு மேல் விண்டோஸ் வழக்கமாக ஏற்காது; மிஞ்சியது சேராது. விநாடிக்குப் பத்து முறை சொன்னால் கண்ணுக்குத் தாராளம். இன்னொன்று, வேலையைப் பின்னால் அனுப்பிவிட்டு 'முடியும்வரை நிற்கிறேன்' என்று திரைத் த்ரெட்டையே காத்திருக்க வைப்பது. ஆளையும் அனுப்பி, கூடவே தானும் கிடங்கு வாசலில் போய் நிற்கிற கதை.

பொறுமைக்கு அந்தப் பட்டை தரும் தெம்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பிராட் மையர்ஸ் 1985-இல் இதைச் சோதித்து எழுதினார். எவ்வளவு முடிந்தது என்று காட்டினால், வேலை ஒரு நொடிகூடக் குறையாவிட்டாலும், மக்கள் அதையே விரும்பினார்கள். ஆடிட்டரிடம் "அறுபது பெர்சென்ட் ஆயிடுச்சு, அனுப்பிடறேன்" என்று சொல்ல முடிவதே பாதி நிம்மதி.

பட்டையே இல்லாமலும் எவ்வளவு முடிந்தது என்று காட்டலாம் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. கணியம் இதழின் வழியாகத் தமிழ்க் கணிமை உலகம் அறிந்த த. சீனிவாசன், தாம்பரம் வட்டாரத்தோடு தொடர்புள்ளவர். தமிழ் விக்கிமூலத்துக்காக அவர் எழுதிய பைத்தான் நிரல், ஸ்கேன் செய்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கூகுள் டிரைவுக்கு அனுப்பி எழுத்தாக மாற்றி வாங்கி விக்கிமூலத்தில் சேர்த்தது. ஒரு தடிமனான புத்தகம் முடிய நெடுநேரம் ஆகும் வேலை. அதற்கு ஜன்னலே கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்ட வேண்டும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரிவரியாக விழும். அந்தக் கறுப்புத் திரை தனி நிரல், உழைப்பது தனி நிரல். ஆகவே வெளிறுவது என்ற பேச்சே இல்லை. ஆனால் பெயின்ட் கையோடு பில் போடும் ஒருவரிடம் போய்க் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொல்ல முடியாது. அவருக்கு ஜன்னலும் வேண்டும், அது பேசவும் வேண்டும்.

இன்னொரு கிளிக் பாக்கி இருக்கிறது: 'ரத்து'. அறிக்கை ஓடும்போது தவறான மாதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது தெரிகிறது. ரத்து பொத்தானை அழுத்துகிறார். வரிசையைக் கவனிக்க ஆள் இருந்தால்தான் அந்தக் கிளிக்குக்கு மதிப்பு. எடுத்த த்ரெட்டும் உழைக்கிறவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளக்கூடாது. பாதி எழுதிய கோப்பும் விடுவிக்காத பூட்டும் அப்படியே கிடக்கும். 'நிறுத்தச் சொல்கிறார்கள்' என்று ஒரு கொடியை மட்டும் உயர்த்த வேண்டும். வேலைத் த்ரெட் ஒவ்வொரு பில் முடிவிலும் அதைப் பார்த்து, தன் கோப்பை மூடி, அரைகுறையை அழித்துவிட்டு, தானாக வெளியேற வேண்டும்.

உறையாத நிரல் கேட்கும் விலையும் உண்டு. அறிக்கை பின்னால் ஓடும்போதே அண்ணாச்சி புதிய பில் போடுகிறார். அந்த பில் அறிக்கையில் சேருமா, சேராதா? மொத்தத் தொகையில் சேர்ந்து, வரிப் பிரிவில் சேராமல் போனால் ஜிஎஸ்டி தளத்தில் எண் இடிக்கும். ஆகவே தொடங்கிய நொடியில் தரவு எப்படி இருந்ததோ அதையே கடைசிவரை படிக்கும்படி தரவுத்தளத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அறிக்கைப் பொத்தானும் வேலை முடியும்வரை மங்கி இருக்க வேண்டும், தம்பிகள் உள்ளே வராதபடி. இதையெல்லாம் யோசிக்க நேரம் பிடிக்கும். பலர் செய்யாமல் விடுவதற்குக் காரணம் அறியாமை இல்லை, இந்த நேரம்தான். வெள்ளைத்திரை எழுதியவரின் நேரத்தை மிச்சப்படுத்தி, அந்தச் செலவைக் கடைக்காரர் கணக்கில் எழுதுகிறது.

கடை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. திரை வெளிறினால் உடனே மூடாதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உங்கள் நிரலுக்கு நேரே சிபியு அல்லது டிஸ்க் எண் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் பெரும்பாலும் அது உழைத்துக்கொண்டிருக்கிறது. விட்டுவிட்டுப் பில்லைக் கையால் எழுதுங்கள். அடுத்து, ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஆள் வரும்போது, கையெழுத்துக்கு முன்னால் உங்கள் மிகப் பெரிய அறிக்கையை அவர் கண்ணெதிரே ஓடவிடுங்கள். அது ஓடும்போதே ஒரு பில் போடச் சொல்லுங்கள், பிறகு ரத்து செய்யச் சொல்லுங்கள். இரண்டும் முடியவில்லை என்றால் விலையைப் பேசுவதற்கு முன் அதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.